காலில் ரத்தக்கட்டி: நுரையீரலுக்கு ஏறாமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கட்டியைக் கரைச்சிருவாங்களா டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆனால் டி.வி.டி. எனப்படும் ஆழ்சிரை ரத்த உறைவுக்கு வழக்கமாகத் தரப்படும் ஊசியும் மாத்திரையும் கட்டியைக் கரைப்பதில்லை. இருக்கும் கட்டி மேலும் வளராமலும், புதிதாக ஒன்று உருவாகாமலும் நிறுத்தி வைக்கின்றன, அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பே தன் நொதிகளைக் கொண்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், மெதுவாகச் செய்துகொள்கிறது. அதுவரை மருந்தின் காவல் இடையில் அறுந்துவிடக் கூடாது.

இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கால் வீக்கம் வடிந்துவிட்டது, வலி போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுபவர் எங்கே சறுக்குகிறார் என்பதும் விளங்கும். வலி போவது வேறு, கட்டி போவது வேறு.

## கட்டி மேலே போவது எப்படி?

காலின் மேல்தோலுக்கு அடியில் நீலமாகத் தெரிகிற நரம்புகள் இங்கே பேச்சு அல்ல. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரைகள் இருக்கின்றன: கெண்டைக்காலில், முழங்காலுக்குப் பின்புறம், தொடையில், இடுப்பில். இவற்றில் ரத்தம் உறைந்தால் அது டி.வி.டி.

புதிதாக உறைந்த கட்டி வாய்க்கால் கரையில் வேர் பிடித்த பாசி மாதிரி. ஒரு முனை சிரைச் சுவரில் ஒட்டியிருக்க, மறுமுனை ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆடும் பகுதி அறுந்தால் ரத்தத்தோடு மேலே போகும். வழியில் அது எங்கும் சிக்காது, ஏனென்றால் சிரைகள் இதயத்தை நோக்கிப் போகப்போக அகலமாகிக்கொண்டே போகின்றன. இதயத்தின் வலப்பக்க அறைகளையும் தாண்டி நுரையீரலுக்குள் நுழைந்த பிறகுதான் குழாய்கள் குறுகத் தொடங்கும். அங்கே போய் அடைத்துக்கொள்வதற்குப் பெயர் பல்மனரி எம்போலிசம், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு.

நுரையீரலில் காணப்படும் கட்டிகள் வேறெங்கோ உருவாகி ரத்த ஓட்டத்தோடு வந்து சேர்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ. அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் தேதிதான் இன்று உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது என்று இன்றும் மாணவர்கள் படிக்கும் மூன்று காரணங்களும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு மூன்றுமே ஒரே நேரத்தில் கூடிவிடும்.

கட்டி எந்த இடத்தில் என்பது முக்கியம். முழங்காலிலும் அதற்கு மேலும் இருக்கும் கட்டிதான் நுரையீரலுக்கு ஏறும் அபாயம் அதிகம் உள்ளது. கெண்டைக்காலோடு நிற்கும் கட்டி அவ்வளவு மோசமில்லை. ஆனால் மருந்தில்லாமல் விட்டால் அதுவும் சிலருக்கு மேலே வளரும், வளர்ந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: கால் வீக்கத்துக்காக மட்டும் வந்த டி.வி.டி. நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நுரையீரலில் ஏற்கெனவே சத்தமில்லாமல் ஓர் அடைப்பு இருந்திருக்கிறது. அதனால் "எனக்குக் காலில் மட்டும்தான்" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

## படி 1: சந்தேகம் வந்த அன்றே டாப்ளர்

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்தது போன்ற வலி, சூடு, தோல் சிவந்தோ கருத்தோ போவது. இவைதான் வழக்கமான அறிகுறிகள். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் பெரும்பாலும் காரணம் வேறு.

தையல் டேப் ஒன்று போதும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றளவு எடுங்கள். வித்தியாசம் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது மருத்துவர்களும் கணக்கில் எடுக்கும் அடையாளம். தாண்டவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். அண்மையில் அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பிரசவம், புற்றுநோய், நாள்கணக்கில் படுக்கை என்று ஏதாவது இருந்தால் அளவு பார்க்காமலேயே போங்கள்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு "இல்லை" என்று சொல்லத்தான் உதவும். கிருமித்தொற்று, கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை எல்லாவற்றிலும் அது ஏறும். எண் அதிகம் வந்தவுடனே கட்டி என்று முடிவு கட்டுவது தவறு. முடிவைச் சொல்வது டாப்ளர்தான்.

இடது கால் வீங்குவதுதான் சற்று அதிகம், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு. இடது காலிலிருந்து வரும் இடுப்புச் சிரையின் மேல் வலது காலுக்குப் போகும் தமனி குறுக்காக ஏறி அழுத்துவதுதான் காரணம்.

## படி 2: முதல் மருந்து தாமதமாகக் கூடாது

சந்தேகம் வலுவாக இருந்து ஸ்கேன் மறுநாள்தான் கிடைக்கும் என்றால், இடையில் ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி ஒன்றைப் போட்டுவிடுவது பல நாட்டு வழிகாட்டுதல்களிலும் உள்ள நடைமுறை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்: "ஸ்கேன் வர்ற வரைக்கும் ஊசி ஏதாவது போடணுமா டாக்டர்?"

அவசரம் எதற்கு என்றால், 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வைச் சொல்ல வேண்டும். நுரையீரல் அடைப்பு வந்த 35 பேரில் 16 பேருக்கு ஹெப்பாரின் ஊசியும் நிகூமலோன் மாத்திரையும் கொடுத்தார்கள். 19 பேருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களில் 5 பேர் அடுத்த அடைப்பில் இறந்தார்கள், இன்னும் 5 பேருக்கு உயிர் போகாவிட்டாலும் அடைப்பு திரும்பியது. மருந்து கொடுத்தவர்களில் ஒருவர்கூட நுரையீரல் அடைப்பால் இறக்கவில்லை. அதற்கு மேல் மருந்தில்லாமல் யாரையும் விட்டுவைப்பது முறையல்ல என்று அந்த ஒப்பீட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்த நிகூமலோனுக்கு இன்னொரு பெயர் அசெனோகூமரால். நம் மருந்துக்கடையில் அசிட்ரோம் என்று வாங்குகிறோமே, அதேதான்.

## படி 3: உங்கள் மருந்து எது என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும்

"ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்வது போதாது. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தரும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும்கூட அப்படித்தான் சொல்கிறோம். அவை தட்டணுக்களைத் தடுப்பவை, இவை உறைதல் புரதங்களைத் தடுப்பவை. டி.வி.டி. சிகிச்சையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. "அப்பாவோட இதய மாத்திரை வீட்ல இருக்கு, ரெண்டு நாளைக்கு அதைப் போட்டுக்கலாம்" என்ற யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

ரிவராக்சபான். முதல் 21 நாள் 15 மி.கி. காலையும் இரவும். 22ஆம் நாளிலிருந்து 20 மி.கி. நாளுக்கு ஒன்று. 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மி.கி. மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவர்களும் ரமலான் நோன்பு நோற்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மாத்திரை நேரத்தை உணவு வேளையோடு பொருத்திக்கொள்ள வேண்டும். முதல் 21 நாளில் விரதமே வேண்டாம் என்பது என் கருத்து.

அபிக்சபான். முதல் 7 நாள் 10 மி.கி. இரு வேளை, பிறகு 5 மி.கி. இரு வேளை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கில்லை.

டபிகட்ரான். முதலில் குறைந்தது 5 நாள் ஹெப்பாரின் வகை ஊசி, அதன் பிறகுதான் இந்தக் கேப்ஸ்யூல். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதன் உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. பிரித்துக் கொட்டியோ மென்றோ சாப்பிடவும் கூடாது.

அசிட்ரோம், வார்ஃபரின். பழைய மருந்துகள், விலை குறைவு, ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் எண் 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். 2க்குக் கீழே இறங்கினால் கட்டிக்குக் காவல் இல்லை, 3ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு பயம். இவை வேலை செய்யத் தொடங்க நாள் பிடிக்கும் என்பதால் குறைந்தது 5 நாளாவது ஹெப்பாரின் ஊசியும் கூடவே ஓட வேண்டும், எண் 2ஐத் தொட்டு ஒரு நாளாவது நிற்க வேண்டும். "மாத்திரைதான் ஆரம்பிச்சாச்சே, ஊசி எதுக்கு வீண் செலவு" என்று மூன்றாம் நாளே ஊசியை நிறுத்துவது ஆபத்தான சிக்கனம். அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவில் வருகிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பட்டையில் உள்ள எண்ணைச் சீட்டோடு வைத்துப் பாருங்கள்.

எனாக்சபாரின் ஊசி. எடைக்கு ஏற்ற அளவு, வழக்கமாக ஒரு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. வயிற்றுத் தோலில், தொப்புளைவிட்டு நான்கு விரல் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து ஊசியை நேராகச் செருக வேண்டும். சிரிஞ்சு முழுவதும் போட வேண்டிய அளவென்றால் அதில் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றாதீர்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் கன்றிப்போகும். இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். நர்ஸ் ஒருமுறை காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே யாராவது போட்டுவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

இவற்றில் எது உங்களுக்கு என்பதைச் சிறுநீரகம், கல்லீரல், எடை, வயது, கையிருப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். கிரியேட்டினின் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்துகளைத் தொடர்வது சரியில்லை. ஆன்ட்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் புதிய மாத்திரைகள் பொதுவாக ஒத்துவராது, அவர்களுக்குப் பழைய வார்ஃபரின் வகைதான். மேலே உள்ள அளவுகள் உங்கள் சீட்டில் இருப்பதைப் புரிந்துகொள்ளத்தான். சீட்டில் வேறு மாதிரி இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களே மாற்றாதீர்கள்.

## படி 4: காவல் அறுந்துபோகும் இடங்களை முன்னாலேயே அடையுங்கள்

நுரையீரல் அடைப்பைத் தடுப்பதில் வீட்டாரின் கையில் இருக்கும் பெரிய வேலை இதுதான். மாத்திரை தவறுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. குறிப்பிட்ட சில முனைகளில்தான் தவறுகிறது.

முதல் முனை, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாள். காலை ஊசி வார்டில் போட்டார்கள், இரவு மாத்திரை வீட்டில் போட வேண்டும், ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள மெடிக்கலில் அது இல்லை. மருத்துவமனை வாசலைத் தாண்டும் முன்பே குறைந்தது ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கையில் வாங்கிவிடுங்கள். அடுத்த வேளை எப்போது என்று டிஸ்சார்ஜ் தாளில் நேரம் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அளவு மாறும் நாள். ரிவராக்சபானுக்கு 22ஆம் நாள், அபிக்சபானுக்கு 8ஆம் நாள். "21 நாளைக்கு" என்று சீட்டில் பார்த்துவிட்டு, அத்தோடு கோர்ஸ் முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பழக்கம். சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளை மடித்து வைத்து, புது அளவைப் பெரிதாக எழுதிவிடுங்கள். தினமும் கிழிக்கிற கை அதைப் பார்க்காமல் போகாது.

மூன்றாவது, பணம். மாதம் முடியும் தறுவாயில் ஒரு பட்டை வாங்கக் காசில்லை, சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு நாள் விடுவது. இந்தப் புதிய மாத்திரைகளின் விளைவு ஒரு நாளிலேயே பெரிதும் இறங்கிவிடும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஜெனரிக் வடிவங்கள் இப்போது நிறைய இருக்கின்றன, மக்கள் மருந்தகத்தில் விசாரிக்கலாம், அசிட்ரோமுக்கு மாறலாம். எதுவுமே ஒரு நாள் மருந்தில்லாமல் இருப்பதைவிட மேல்.

நான்காவது, பல் பிடுங்குவது, கண் அறுவை சிகிச்சை, எண்டோஸ்கோபி. "அஞ்சு நாள் முன்னாடி நிறுத்திடுங்க" என்று யாராவது போகிற போக்கில் சொன்னால் அப்படியே செய்துவிடாதீர்கள். டி.வி.டி. வந்து மூன்று மாதம் ஆகாதவருக்கு, தள்ளிப்போட முடிந்த எந்தச் சிகிச்சையையும் தள்ளிப்போடுவது நல்லது. பல சிறிய சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் எத்தனை வேளை, மறுபடி எப்போது என்பதை மருந்து எழுதிய மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஒரு வேளை மறந்தே போனால்? ரிவராக்சபான் 15 மி.கி. இரு வேளை போடும் நாட்களில், நினைவு வந்த உடனே போடுங்கள். அன்றைக்கு மொத்தம் 30 மி.கி. சேர வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட நேர்ந்தாலும் சரி. நாளுக்கு ஒன்று என்ற கட்டத்தில் அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம், மறுநாள் இரட்டிப்பாக்கக் கூடாது. அபிக்சபானையும் நினைவு வந்ததும் போட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள், இரட்டை அளவு வேண்டாம். அசிட்ரோம், வார்ஃபரினும் அப்படியே: அன்றைய நாளுக்குள் என்றால் போடலாம், மறுநாள் சேர்த்துப் போடக் கூடாது. விட்டுப்போனதைக் குறித்துவைத்து ஐ.என்.ஆர். பார்க்கும்போது சொல்லுங்கள்.

## படி 5: நடக்கலாமா, உருவலாமா, காலுறை போடலாமா?

நடக்கலாம். காலை அசைத்தால் கட்டி பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுவது பழைய பயம். மருந்து தொடங்கிய பிறகு நடமாட விட்டவர்களையும் படுக்கையில் வைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நடந்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு கூடுதலாக வரவில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடங்கள். உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் தூக்கி வையுங்கள். ஏற்கெனவே மூச்சுத்திணறலோ ரத்த அழுத்தக் குறைவோ இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்கிறபடி.

உருவக் கூடாது. இதில் மாற்றுக் கருத்தே இல்லை. கால் வீங்கினால் நல்லெண்ணெயோ தைலமோ காய்ச்சித் தடவி, கீழிருந்து மேலாக நீவிவிடுவது நம் வீடுகளில் பாசத்தோடு நடக்கும் காரியம். பாட்டி செய்வார், வர்மம் தெரிந்தவர் செய்வார். டி.வி.டி. இருக்கும் காலில் அழுத்தி உருவியதைத் தொடர்ந்து நுரையீரல் அடைப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒற்றைக் கால் திடீரென்று வீங்கியிருந்தால், டாப்ளர் பார்க்கும் வரை யாரும் அந்தக் காலை நீவ வேண்டாம். சுடுமணல் ஒத்தடம், இறுக்கிக் கட்டுவது, அட்டை விடுவது எல்லாம் இதே கணக்கில்.

இறுக்கமான காலுறை நுரையீரல் அடைப்பைத் தடுப்பதில்லை. பிற்காலத்தில் கால் கருத்துப் புண்ணாவதைத் தடுக்கும் என்றுதான் முன்பு எல்லோருக்கும் எழுதினார்கள். 2014இல் வெளியான சாக்ஸ் என்ற பெரிய ஆய்வில் அந்தப் பலனும் தெரியவில்லை. வீக்கத்துக்கும் கனத்துக்கும் இதமாக இருக்கிறது என்றால் போடலாம். நம் வெயிலில் வேர்த்து அரிக்கிறது என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கழற்றிவிடலாம். காலுறைக்குச் செலவழிக்கும் கவனம் மாத்திரைக்குப் போகட்டும்.

## படி 6: மருந்தோடு மோதுகிறவை

முதல் எதிரி வலி மாத்திரை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன், அசிக்ளோபினாக் இவற்றை மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சீட்டில்லாமலே வாங்கிப் போடுகிறோம். ரத்தத்தடுப்பு மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இடுப்பில் போடும் தசை ஊசியும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். காய்ச்சலுக்குக் கிளினிக் போனால் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதிர்த் திசையில் ஆபத்தானது காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின். அது ரத்தத்தடுப்பு மாத்திரைகளின் அளவை உடம்பில் வெகுவாகக் குறைத்துவிடும், மாத்திரை போட்டும் போடாதது மாதிரி. வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசபைன் இரண்டும் அப்படியே. அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல், ஃப்ளூகனசோல் போன்றவை ஐ.என்.ஆரை எகிற வைக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மஞ்சள், பூண்டு கேப்ஸ்யூல்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றிப் பேச்சில்லை.

கீரை பற்றி ஏகப்பட்ட குழப்பம். ரிவராக்சபான், அபிக்சபான், டபிகட்ரானுக்குக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது. அசிட்ரோம், வார்ஃபரினுக்கும் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் ஐ.என்.ஆர். சரியும்.

திருவிழா, கல்யாணம், கோயில் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை டி.வி.டி. வந்த பெண்கள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் கட்டிக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், மருத்துவரிடம் சொல்லி மாற்றுவழி கேளுங்கள். ரிவராக்சபான் போடும்போது மாதவிலக்கு அதிகமாகப் போவது சகஜம். சங்கடப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், சரிசெய்ய வழி உண்டு.

## படி 7: எந்த ரத்தக்கசிவுக்குப் பயப்பட வேண்டும்?

பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம், தோலில் அங்கங்கே நீலக் கன்றல் என்றால் பயமில்லை, அடுத்த முறை சொன்னால் போதும். 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், தார் போன்ற கருப்பு மலம், சிவந்த சிறுநீர், ரத்த வாந்தி, திடீர்த் தலைவலியோடு பேச்சுக் குழறல் என்றால் உடனே மருத்துவமனை. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் போய்த்தான் ஆக வேண்டும். வைட்டமின் கே, புரோட்டமின், டபிகட்ரானுக்கு இடாருசிசுமாப் என்று முறிவு மருந்துகள் இருக்கின்றன. மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அவை பயன்படும். ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் அளவும் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள்.

## படி 8: நுரையீரலுக்கு ஏறிவிட்டதா?

இதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்:

- திடீரென்று மூச்சு வாங்குவது, நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியாமல் போவது
- மூச்சை இழுக்கும்போது நெஞ்சிலோ விலாவிலோ குத்துவது
- காரணமில்லாத படபடப்பு
- இருமலில் ரத்தம்
- தலைசுற்றி மயங்கி விழுவது

வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கூப்பிடும்போதே "காலில் ரத்தக்கட்டிக்கு மருந்து சாப்பிடுகிறவர்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மருத்துவருக்கு மாரடைப்பு, ஆஸ்துமா என்று சுற்றாமல் நேராக சி.டி. ஸ்கேன் பக்கம் யோசனை போகும்.

2003 ஏப்ரலில் ஈராக் போர்ச் செய்தி சேகரிக்கப் போன அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் டேவிட் ப்ளூம் 39 வயதில் இறந்தது குண்டடிபட்டு அல்ல. கவச வாகனத்துக்குள் நாள்கணக்கில் கால் மடக்கிக் கிடந்ததில் உண்டான கட்டி நுரையீரலுக்கு ஏறியதுதான் காரணம். காலில் வலி இருப்பதாக அவர் முன்பே சொல்லியிருந்தார்.

## வடிகட்டி வைக்கச் சொன்னால்?

வயிற்றுக்குள் ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையில் கம்பிக்கூடு ஒன்றை வைத்து, மேலேறும் கட்டியைப் பிடிக்கும் ஏற்பாடு இது. கேட்டதும் இதுதான் உறுதியான பாதுகாப்பு என்று தோன்றும். 1998இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ப்ரெபிக் ஆய்வில், மருந்தோடு வடிகட்டியும் வைத்தவர்களுக்குத் தொடக்கத்தில் நுரையீரல் அடைப்பு குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு ஆண்டில் அவர்களுக்கே காலில் கட்டி திரும்பியது ஏறத்தாழ 21 சதவீதம், வைக்காதவர்களுக்கு 12. உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. கழற்றக்கூடிய வடிகட்டியை வைத்து 2015இல் வந்த அடுத்த ஆய்வில், மருந்து சாப்பிட முடிந்தவர்களுக்கு அதனால் லாபமே தெரியவில்லை.

மூளையில் ரத்தக்கசிவு, நிற்காத வயிற்று ரத்தப்போக்கு, தள்ளிப்போட முடியாத பெரிய அறுவை சிகிச்சை என்று மருந்தே கொடுக்க முடியாத நிலையில் புதிய கட்டி இருந்தால் வடிகட்டி உயிர் காக்கும். அப்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "இதை எப்ப எடுப்பீங்க?" மருந்து தொடங்க முடிந்த பிறகு எடுக்க வேண்டிய கூடு, யாரும் கேட்காததால் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு.

கட்டியைக் கரைக்கும் ஊசியும் இப்படித்தான், கால் உயிரற்றுப் போகும் அளவுக்கு வீங்கியவர்களுக்கும், நுரையீரல் அடைப்பால் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கும் உரியது. ரத்தக்கசிவு அபாயம் அதில் கூடுதல்.

## கர்ப்பிணிகளும் புற்றுநோயாளிகளும்

கர்ப்ப காலத்தில் ஹெப்பாரின் வகை ஊசி மட்டும்தான். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. புதிய மாத்திரைகள் கூடாது, அசிட்ரோம், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். பிரசவத்துக்குப் பிறகும் குறைந்தது 6 வாரம், மொத்தத்தில் 3 மாதத்துக்குக் குறையாமல் சிகிச்சை தொடரும். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கட்டி திரும்புவதும் அதிகம், ரத்தம் கசிவதும் அதிகம். ஊசியோ சில புதிய மாத்திரைகளோ தரப்படும். நோய் இருக்கும்வரை, சிகிச்சை நடக்கும்வரை மருந்தும் தொடரும்.

## எத்தனை மாதம்?

யாராக இருந்தாலும் குறைந்தது 3 மாதம். அதன் பிறகு, கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, பெரிய எலும்பு முறிவு என்று தெளிவான, கடந்துபோன காரணம் இருந்தால் பெரும்பாலும் 3 மாதத்தோடு நிறுத்திவிடலாம், திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. காரணமே தெரியாமல் வந்தவருக்கு, நிறுத்திய முதல் ஆண்டிலேயே 100இல் சுமார் 10 பேருக்குத் திரும்புகிறது, ஐந்தாண்டில் நான்கில் ஒருவருக்கு. அதனால் இவர்களுக்கு நீண்ட காலம் தொடரச் சொல்வார்கள். 6 மாதம் முழு அளவு முடிந்த பிறகு ரிவராக்சபானை 10 மி.கி. ஆகவோ அபிக்சபானை 2.5 மி.கி. இரு வேளையாகவோ குறைத்துத் தொடர முடியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அளவும் கிரியேட்டினினும் பார்த்து, இன்னும் தேவையா என்று மறுபடி கேட்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரத்தில் நீண்ட விமானப் பயணம், இரவு முழுக்க ஆம்னி பஸ் எல்லாம் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். போயே ஆக வேண்டுமென்றால் மாத்திரை தவறாமல், தூக்க மாத்திரை இல்லாமல், மணிக்கொரு முறை எழுந்து நடந்து, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கியபடி போங்கள்.

## மாத்திரையை நிறுத்திய பிறகு

நிறுத்தும்போது ஒரு டாப்ளர் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன், எல்லா மருத்துவரும் இதை வலியுறுத்துவதில்லை என்றாலும். பலருக்குச் சிரைக்குள் பழைய கட்டியின் தழும்பு நிரந்தரமாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து அதே கால் வீங்கினால், ஸ்கேனில் தெரிவது பழைய தழும்பா புதிய கட்டியா என்று சொல்ல ஒப்பிட ஒரு படம் வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லாமல் மறுபடி மாதக்கணக்கில் மருந்து, அல்லது புதிய கட்டியைப் பழையது என்று விட்டுவிடுவது, இரண்டில் ஒன்று நடக்கும். அந்த ரிப்போர்ட்டையும் முதல் ரிப்போர்ட்டையும் ஒன்றாக வைத்து, போனில் படமும் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். இனி எந்த அறுவை சிகிச்சைக்கு, மாவுக்கட்டுக்கு, பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்தாலும் "முன்னால காலில் ரத்தக்கட்டி வந்திருக்கு" என்று சொல்லி அந்த ரிப்போர்ட்டைக் காட்டினால், அந்த நாட்களுக்கு மட்டும் தடுப்பு ஊசி போடுவார்கள்.